பள்ளியின் மேல்மாடி: கொச்சி யூதச் சிறாரின் ஓதற்கல்வி

'பள்ளி' என்னும் சொல் தமிழில் கடந்து வந்திருக்கும் தூரம் வியப்புக்குரியது. சமண, பௌத்தத் துறவியர் உறைந்த இடம் பள்ளி எனப்பட்டது. அவர்கள் அண்டியிருந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தமையால் கற்குமிடமும் அப்பெயரைப் பெற்றது என்பர். பின்னர் முஸ்லிம்களின் தொழுமிடம் பள்ளிவாசல் ஆயிற்று. அதன் திண்ணையிலோ, ஒட்டிய அறையிலோ பிள்ளைகள் அமர்ந்து குர்ஆன் ஓதப் பழகிய இடம் ஓதப்பள்ளி ஆயிற்று. மலைக்கு அப்பால், சேர நாட்டில், இச்சொல்லின் வீச்சு இன்னும் பெரிது. அங்கே கிறித்தவரின் கோவிலும் பள்ளி, நம்மவரின் மஸ்ஜிதும் பள்ளி, யூதரின் வழிபாட்டிடமும் பள்ளி. கொச்சியிலும் பறவூரிலும் சேந்தமங்கலத்திலும் மாளாவிலும் மக்கள் அதனை 'ஜூதப்பள்ளி' என்றே வழங்கினர்.

அந்த ஜூதப்பள்ளிகளின் மேல்மாடியில் நடந்த கல்வியைப் பற்றியே இங்குப் பேச எடுத்துக்கொண்டோம். ஃபலஸ்தீன மக்களின் துயரம் நெஞ்சை அழுத்தும் நாள்களில் யூதச் சிறாரின் கல்வியைப் பற்றி எழுதுவானேன் என்று வாசகர் சிலர் கேட்கக் கூடும். ஓர் அரசின் செயலையும், நம் கடற்கரையில் ஆயிரம் ஆண்டு வாழ்ந்த ஒரு சிறு சமுதாயத்தின் வரலாற்றையும் ஒன்றெனக் கொள்வது அறிவுடைமையன்று என்பதே நம் விடை. மேலும், அஹ்லுல் கிதாபினரின் கல்வியை அறிய முற்படுவது நமக்குப் புதிய வழக்கமுமன்று. மதீனாவில் யூதர் தம் வேதத்தை ஓதிய இல்லம் 'பைத்துல் மித்ராஸ்' எனப்பட்டது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அவ்வில்லத்துக்குச் சென்றதை ஹதீஸ் நூல்கள் பதிந்துள்ளன. ஸைத் இப்னு தாபித் (ரலி) அவர்கள் நாயகத்தின் ஆணைப்படி யூதரின் எழுத்தை அரை மாத அளவில் கற்றுத் தேர்ந்ததும் நாம் அறிந்ததே. மித்ராஸ், மதரஸா ஆகிய இரண்டும் ஒரே வேர்ச்சொல்லில் கிளைத்தவை. ஹீப்ருவில் அவ்வேர் 'மித்ராஷ்' என வரும்.

சிறாருக்கு வேதம் ஓதிக்கொடுப்பதைச் சமுதாயத்தின் பொதுக் கடமையாக்கும் எண்ணம் யூதரிடையே மிகப் பழையது. தந்தையில்லாப் பிள்ளைகள் கல்வியின்றிப் போவதைக் கண்டு, ஊர்தோறும் ஆசிரியரை அமர்த்தி, ஆறேழு வயதில் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டும் என ஏற்பாடு செய்தவர் யெஹோஷுவா பென் கம்லா என்னும் தலைமைக் குரு என்று தல்மூத் கூறுகிறது. இவர் கி.பி. முதல் நூற்றாண்டினர். ஓர் ஆசிரியருக்கு 25 பிள்ளைகள். 40 ஆனால் ஒரு துணையாள். 50 ஆனால் இரண்டு ஆசிரியர் என்னும் கணக்கும் அங்கேயே வருகிறது. நம் ஓதப்பள்ளிகளில் ஓர் ஆலிம்சாவின் முன் எண்பது பிள்ளைகள் நெருக்கியடித்து அமர்ந்திருப்பதைப் பார்த்தவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

அரபு நாடுகளில் வாழ்ந்த யூதர் தம் சிறார் பள்ளியை 'குத்தாப்' என்றே அழைத்தனர். காஹிராவின் பழைய யூதப்பள்ளி ஒன்றின் மாடத்தில் குவிந்து கிடந்த 'கனீஸா' ஆவணங்களை ஆராய்ந்த கோய்த்தைன் இதனை விரிவாக எடுத்துக் காட்டியுள்ளார். பிள்ளைகள் வண்ணம் தீட்டிப் பழகுவதற்காகக் கோட்டோவியமாக எழுதிக் கொடுத்த எழுத்துச் சுவடிகளும் அக்குவியலில் உள்ளன. யமனில் நூல்கள் அரிதாயிருந்தமையால் ஒரே ஏட்டைச் சுற்றி நாற்புறமும் பிள்ளைகள் அமர்வர். ஆகவே எழுத்தைத் தலைகீழாகவும் பக்கவாட்டிலும் படிக்க வல்லவராக அவர்கள் வளர்ந்தனர்.

மலபாரின் மேல்மாடி

சேர நாட்டு யூதரின் வரலாற்றுக்குரிய உறுதியான முதற்சான்றுகள் செப்பேடுகள். கி.பி. 849 ஐச் சேர்ந்த கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேடு கிறித்தவப் பள்ளி ஒன்றுக்கு வழங்கிய உரிமைகளைக் கூறுவது. அதில் சாட்சியமிட்டோரின் கையொப்பங்கள் கூஃபி அரபியிலும், பஹ்லவியிலும், ஹீப்ரு எழுத்தில் எழுதிய பாரசீகத்திலும் உள்ளன. முஸ்லிமும் மஜூஸியும் யூதரும் ஒரு கிறித்தவப் பள்ளியின் உரிமைக்குச் சாட்சியாய் நின்ற ஆவணம் அது. அடுத்தது, ஏறத்தாழ கி.பி. 1000 இல் பாஸ்கர ரவிவர்மன் ஜோசப் ரப்பானுக்கு அளித்த செப்பேடு. வட்டெழுத்தில் பொறித்த அதன் மொழி, தமிழறிந்தார்க்கு அந்நியமாகத் தோன்றாது. யூதர் தம் உரிமைக்கு ஆதாரமாகப் போற்றிக் காத்த ஆவணம் ஹீப்ருவில் இல்லை, நம் மொழியின் அண்டை வடிவில் இருந்தது என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

இச்சமுதாயத்தாரிடம் தம்முள்ளிருந்தே முறைப்படி பட்டம் பெற்ற ரப்பிகள் இருந்ததில்லை. வழிபாட்டை நடத்தியோரும், பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்தோரும், சட்டம் சொன்னோரும் ஊரில் கற்றறிந்த பெரியோரே. யமனிலிருந்தும் பக்தாதிலிருந்தும் அவ்வப்போது அறிஞர் வந்து தங்கியதுண்டு. ஆயினும் தலைமுறை தலைமுறையாக மார்க்கத்தைக் காத்து நின்றது சிறார் ஓதுமிடமே.

கேரளத்து யூதப்பள்ளியின் அமைப்பே இதற்கு இயைந்தது. கீழ்த்தளத்தின் நடுவே வேதம் ஓதும் மேடை ஒன்று உண்டு. இது எங்கும் காணப்படுவது. ஆனால் மாடியிலும் முகப்பு நோக்கி இரண்டாவது மேடை ஒன்று அமைந்திருக்கும். ஓய்வுநாளிலும் பெருநாளிலும் தவ்ராத் சுருள் மேலே கொண்டு செல்லப்பட்டு அங்கிருந்தே ஓதப்படும். அம்மேடைக்குப் பின்னால் மரத்தட்டிக்கு அப்பால் பெண்கள் அமர்வர். உலகின் பிற யூதப்பள்ளிகளில் இத்தகைய அமைப்பு இல்லை. வேதம் ஓதுவது பெண்களுக்கு மிக அருகில் நிகழ்ந்தது என்பதையே இது காட்டுகிறது. பெண்கள் பகுதியை ஒட்டிய மாடி அறைகளைச் சிறாரின் ஓதும் அறையாகப் பயன்படுத்திய பள்ளிகளும் உண்டு. கீழே தொழுகை, மேலே தாய்மாரின் குரல், அதனோடு பிள்ளைகளின் ஓதலோசை என இம்மூன்றும் ஒரே கூரையின் கீழ் ஒலித்தன.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலக் கல்வி பரவியபோது யூதப் பிள்ளைகள் அரசுப் பள்ளிகளுக்கும் கன்னியர் மடப் பள்ளிகளுக்கும் செல்லலாயினர். அதனால் ஓதற்கல்வி நின்றுவிடவில்லை, நேரம் மாறியது. காலையில் நாட்பள்ளி தொடங்குமுன் ஒரு பொழுது, மாலையில் திரும்பியபின் ஒரு பொழுது என அது இரண்டாகப் பிரிந்தது. சுபுஹுக்குப் பின் ஓதி, கைகால் கழுவி, பழையது உண்டு பள்ளிக்கூடம் ஓடிய தலைமுறையினர் நம்மிடையேயும் உளர். அவர்களுக்கு இந்த ஏற்பாட்டை விளக்கத் தேவையில்லை.

பெண்பிள்ளைகளும் ஹீப்ரு ஓதக் கற்றனர் என்பது கொச்சியின் தனிச்சிறப்பு. கிழக்கு ஐரோப்பாவின் 'ஹேதர்' எனப்பட்ட ஓதும் அறைகள் பெரும்பாலும் ஆண்பிள்ளைகளுக்கே உரியவையாக இருந்த காலத்தில், கொச்சிப் பெண்டிர் வழிபாட்டுப் பாடல்களை ஆடவருடன் சேர்ந்து உரத்துப் பாடினர். அது குற்றமாகக் கருதப்படவில்லை. ரூபி தானியேல் (1912–2002) என்னும் அம்மையாரின் நினைவு நூல் இவ்வுலகை அறியத் துணைசெய்கிறது. பார்பரா ஜான்சனுடன் இணைந்து அவர் எழுதிய அந்நூல் 1995 இல் வெளிவந்தது. பாட்டியாரிடம் கேட்ட கதைகளும், தாய்மொழிப் பாடல்களும், ஓதிய பாடமும் அவருடைய நினைவில் வேறு வேறாக நிற்கவில்லை.

தம்ஸீர்

நம் வாசகர்க்கு மிகவும் சுவை பயக்கும் செய்தி ஒன்றை இங்கே சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறோம். கொச்சி யூதரிடையே வேதத்தின் ஹீப்ருச் சொற்களைச் சொல்லுக்குச் சொல் மலையாளத்தில் பொருள் கூறும் மரபு ஒன்று இருந்தது. அதற்கு அவர்கள் வழங்கிய பெயர் 'தம்ஸீர்'. நம் 'தஃப்ஸீர்' என்னும் அரபுச் சொல்லே திரிந்து இவ்வடிவம் பெற்றது. கேரள யூத மலையாளத்தை ஆய்ந்த ஓஃபிரா கம்லியேல் இதனைத் தெளிவுபடுத்தியுள்ளார்.

இம்மொழிபெயர்ப்பு வாய்வழியே பயின்றது. ஆசிரியர் ஹீப்ருவில் ஒரு தொடரைச் சொல்வார். பிள்ளை அதன் மலையாளப் பொருளை அதே சொல்வரிசையில் ஒப்பிப்பான். மலையாளத்தின் இயல்பான சொற்றொடர் அமைப்பு அதில் இராது. ஹீப்ருவின் வரிசைக்கு மலையாளச் சொற்கள் பணிந்து நிற்கும். இது இலக்கியச் சுவைக்காகச் செய்த மொழிபெயர்ப்பன்று. மூலத்தின் ஒவ்வொரு சொல்லையும் பிள்ளை தனித்தனியே அறிய வேண்டும் என்பதே நோக்கம். அரபுத்தமிழில் அமைந்த நம் பழைய தர்ஜுமாக்களைப் புரட்டியவர்கள் இதே நடையை அங்கும் காண்பர். தமிழ்த் தொடர் ஏன் இப்படி முறுக்கேறி நிற்கிறது என்று இளைஞர் நகைப்பதுண்டு. அது தமிழை அறியாதார் எழுதியதன்று, அரபியைக் கற்பிக்க எழுதியது என்பதை உணர்ந்தால் நகைப்பு அடங்கும்.

தம்ஸீரில் பழைய மலையாளச் சொற்கள் பல, வழக்கொழிந்த பின்னும் உயிரோடு இருந்தன. அவற்றுள் தமிழுக்கு நெருக்கமானவை மிகுதி. தெருவில் மறைந்த சொல் ஓதும் அறையில் பிழைத்திருந்தது. நம் வீடுகளில் நோன்பு, தொழுகை, ஓதல் என்னும் சொற்கள் நிலைத்ததும் இவ்வகையிலேயே எனலாம்.

ஒரு கறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒரே வேதத்தை ஒரே வகையில் ஓதக் கற்றவர் எல்லாரும் ஒரே வரிசையில் அமர்த்தப்படவில்லை. மட்டாஞ்சேரியில் 1568 இல் எழுந்த பரதேசிப் பள்ளியில், விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழித்தோன்றல்கள் எனக் கருதப்பட்ட 'மெஷுஹ்ராரிம்' குடும்பத்தினர் முன்கூடத்திலும் வெளிப்புறத்திலும் அமர வேண்டியிருந்தது. தவ்ராத் ஓத அழைக்கப்படும் உரிமையும் அவர்களுக்கு மறுக்கப்பட்டது. மேற்சொன்ன ரூபி தானியேலும் அவ்வழி வந்தவரே. அக்குடும்பங்களில் பிறந்த ஆபிரகாம் பராக் ஸாலெம் (1882–1967) சென்னையில் பயின்று வழக்கறிஞரானவர். கொச்சிச் சட்டமன்றத்தில் உறுப்பினராக இருந்தவர். காந்தியடிகளின் சத்தியாக்கிரக முறையைத் தம் பள்ளிக்குள்ளேயே கையாண்டு இவ்வேற்றுமையை எதிர்த்தார். பல்லாண்டுப் போராட்டத்துக்குப் பின்னரே தடைகள் தளர்ந்தன. பிள்ளைக்கு வேதம் கற்பித்துவிட்டு, அதைச் சபையில் ஓத இடம் மறுப்பது எத்தகைய கல்வி? பிறரைச் சுட்டி எழுப்பும் இக்கேள்வி, மஹல்லாக்களில் குடும்பப் பெயரும் தொழிற்பெயரும் பார்த்து முன்வரிசை வகுத்த நம் முன்னோர் சிலரையும் சுடாமல் விடாது.

கொங்கணத்துக்குச் சென்ற ஓதுவார்கள்

கொச்சியின் ஓதும் அறை தன் ஊரோடு நிற்கவில்லை. பம்பாய்க்குத் தெற்கே கொங்கணக் கரையில் 'பெனே இஸ்ராயேல்' எனப்பட்ட யூதர் எண்ணெயாட்டும் தொழில் செய்து வாழ்ந்தனர். சனிக்கிழமையில் செக்கை நிறுத்தியமையால் ஊரார் அவர்களைச் 'சனிவார் தேலி', அதாவது சனிக்கிழமை வாணியர், என்றனர். ஹீப்ருவை முற்றாக மறந்திருந்த அவர்களிடம் எஞ்சியது 'ஷெமா' என்னும் ஏகத்துவ வாசகம் ஒன்றே. பிறப்பு, விருத்தசேதனம், மணம், இறப்பு அனைத்திலும் அதையே சொன்னார்கள். அவர்களிடையே வந்த தாவீத் ரஹாபி என்பவர், மீன்களைக் கொடுத்துச் சமைக்கச் சொன்னதாகவும், செதிலும் துடுப்பும் இல்லாதவற்றைப் பெண்கள் ஒதுக்கியது கண்டு இவர்கள் யூதரே எனத் தெளிந்ததாகவும் மரபுவழிச் செய்தி உண்டு. அவருடைய காலம் குறித்து ஆய்வாளர் ஒத்த கருத்தினரல்லர். அவர் மூவருக்கு வேதம் கற்பித்துச் சமுதாயத் தலைமையை அளித்தார். அம்மூவரின் வழியினர் பெற்ற பட்டம் 'காஜி'. நம் காழியேதான் அது. அவர்கள் தம் தொழுமிடத்தை 'மஸ்ஜித்' என்றனர். 1796 இல் சாமுவேல் எசேக்கியேல் திவேகர் பம்பாயில் கட்டிய முதல் யூதப்பள்ளி இன்றளவும் 'ஜுனி மஸ்ஜித்', பழைய மஸ்ஜித், என வழங்கப்படுகிறது. திவேகர் ஆங்கிலேயப் படையில் பணியாற்றித் திப்பு சுல்தானின் படையினரிடம் சிறைப்பட்டவர். தம்மைப் பனூ இஸ்ராயீல் எனக் கூறிக்கொண்டபோது, குர்ஆனில் வரும் அப்பெயரைக் கேட்டுத் திப்புவின் அன்னையார் பரிந்து பேசியதால் உயிர் பிழைத்தார் என அச்சமுதாயத்தார் தலைமுறையாகச் சொல்லி வருகின்றனர்.

1826 இலும் அதையடுத்த ஆண்டுகளிலும் கொச்சியிலிருந்து ஓதுவார்களும் ஆசிரியர்களும் பம்பாய்க்கும் கொங்கண ஊர்களுக்கும் சென்றனர். மலையாளம் பேசும் ஆசிரியர், மராத்தி பேசும் பிள்ளைகளுக்கு ஹீப்ரு கற்பித்த காட்சியை எண்ணிப் பார்க்கலாம். அவர்களுள் ஒருவரான மைக்கேல் சர்கோன் கொச்சி யூதராகப் பிறந்து கிறித்தவரானவர். யூதரிடையே கிறித்தவம் பரப்ப லண்டனில் ஏற்பட்ட சங்கத்தின் சென்னைக் கிளை அவரை ஆதரித்தது. ஸ்காட்லாந்து ஊழியரான ஜான் வில்ஸன் மராத்தியில் ஹீப்ரு இலக்கணம் ஒன்றே எழுதினார். பிள்ளைகளை மதம் மாற்றும் எண்ணத்தோடு தொடங்கிய பள்ளிகளில் பெனே இஸ்ராயேலர் ஹீப்ருவையும் ஆங்கிலத்தையும் கற்றுக்கொண்டனர்; மதம் மாறியோர் மிகச் சிலரே. எதிர்பாராத இவ்விளைவை ஊழியர்களே வியந்தனர்.

ஆயினும் கடன்வாங்கிய கல்வியில் எவ்வளவு நாள் நிற்பது என்னும் கவலை அவர்களுக்கு எழுந்தது. ஹயீம் சாமுவேல் கெஹிம்கர் 1875 இல் பம்பாயில் தம் மக்களுக்கெனப் பள்ளி ஒன்றை நிறுவினார். அவர் 1897 இல் எழுதி முடித்த பெனே இஸ்ராயேல் வரலாறு, அவர் மறைந்து நெடுநாள் கழித்து 1937 இல் டெல் அவீவில் அச்சேறியது. அவர் தொடங்கிய பள்ளி பின்னாளில் ஸர் எல்லி கதூரி பள்ளி எனப் பெயர் பெற்றது. யூதப் பிள்ளைகள் குறைந்துபோக, மஜகாவ்னில் உள்ள அப்பள்ளியில் பயில்வோர் பெரும்பாலும் முஸ்லிம் பிள்ளைகள் என்னும் நிலை ஏற்பட்டது. கல்கத்தாவில் பக்தாத் யூதர் 1881 இல் நிறுவிய யூதப் பெண்கள் பள்ளியின் கதையும் அதுவே. பார்க் தெருவில் அப்பெயரோடே இயங்கும் அப்பள்ளியில் முஸ்லிம் மாணவியரே மிகுதி. இவ்விரு பெயர்ப்பலகைகளையும் பார்த்தவர்க்கு நம் நாட்டின் வரலாற்றில் பாதி விளங்கிவிடும்.

நம் சென்னையில் யூதர் இருந்திலரோ எனில், இருந்தனர். 1688 இல் சென்னை மாநகராட்சி தோன்றியபோது அதன் ஆல்டர்மென்களுள் மூவர் போர்த்துகீசிய வழி யூத வணிகர். வைரத்துக்கும் பவளத்துக்கும் வந்த அவர்களின் நினைவாகப் பவளக்காரத் தெருவின் பெயரும் சில கல்லறைக் கற்களும் நிற்கின்றன.

பகற்பொழுதைப் பள்ளிக்கூடம் கொண்டுபோனபின்

ஓதற்கல்வி மாலைக்குத் தள்ளப்பட்டது இந்தியாவில் மட்டும் நிகழ்ந்ததன்று. அமெரிக்காவில் குடியேறிய யூதர் தம் பிள்ளைகளைப் பொதுப்பள்ளிக்கு விரும்பி அனுப்பினர். மார்க்கக் கல்விக்கு மிஞ்சியது ஞாயிறும் மாலைப்பொழுதுமே. 1838 இல் பிலடெல்பியாவில் ரெபெக்கா கிராட்ஸ் என்னும் அம்மையார் ஞாயிறுப் பள்ளியைத் தொடங்கினார்; பெண்களே நடத்திய அப்பள்ளியின் பாடமொழி ஆங்கிலம். பின்னர் ஃபலஸ்தீனத்தின் ஸஃபத் நகரில் பிறந்து, பெய்ரூத்தில் பயின்று, மருத்துவராகி, அத்தொழிலைத் துறந்த ஸாம்ஸன் பெண்டர்லி 1910 இல் நியூயார்க் யூதக் கல்விப் பணியகத்தின் பொறுப்பேற்றார். இருட்டறையில் பிரம்போடு அமர்ந்த ஏழை ஆசிரியரின் ஹேதருக்கு மாற்றாக, பாடத்திட்டமும் பாட்டும் படமும் பயிற்சிபெற்ற ஆசிரியரும் கொண்ட மாலைப்பள்ளிகளை அவர் அமைத்தார். 1918 இல் அவர் மாணவர் டஷ்கின் வெளியிட்ட ஆய்வின்படி, அந்நகரின் யூதச் சிறாரில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினரே அவ்வேளையில் ஏதேனும் ஒரு மார்க்கக் கல்வி பெற்று வந்தனர். முறை சீர்பட்டது, ஆனால் களைத்த பிள்ளையின் கடைசி ஒரு மணி நேரத்தில் என்ன கற்பிக்க இயலும் என்னும் கேள்வி அங்கே ஒரு நூற்றாண்டாகத் தீராமலேயே உள்ளது.

நம் நாட்டில் இக்கேள்விக்கு அரசமைப்புச் சட்டமே ஒரு வரம்பிட்டது. முழுதும் அரசு நிதியில் நடக்கும் நிறுவனங்களில் மதபோதனை கூடாது என்பது 28 ஆம் பிரிவு. அது நியாயமான வரம்பே. மலையாள முஸ்லிம்கள் அதற்கு விரைந்து விடை கண்டனர். 1951 இல் ஸமஸ்த கேரள இஸ்லாம் மத வித்தியாப்பியாச போர்டு அமைந்தது. நாட்பள்ளிக்கு முன்னும் பின்னும் நடக்கும் மதரஸாக்களை ஒரே பாடத்திட்டம், ஒரே தேர்வு என அது இணைத்தது. அரபு எழுத்தில் அச்சிட்ட மலையாளப் பாடநூல்களும் வந்தன. அந்த மதரஸாக்கள் பெருகத் தொடங்கிய அதே ஆண்டுகளில்தான் அண்டை வீட்டு யூதர் ஓதும் அறைகளைப் பூட்டிவிட்டுக் கப்பலேறிக்கொண்டிருந்தனர்.

தமிழகத்தில் அத்தகைய ஒருங்கிணைப்பு அந்த அளவுக்கு ஏற்படவில்லை. ஊர் பழையதாக, ஜமாஅத் வலுவாக உள்ள காயல்பட்டினம், கீழக்கரை போன்ற இடங்களில் பழைய முறையே தாங்கியது. வீட்டிலேயே ஓதிக்கொடுத்த பெண்மணிகளின் பங்கு அங்கே பெரிது. சோதனை எழுவது புதிய ஊர்களில். ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் தொழில்வழித்தடத்தை எடுத்துக்கொள்வோம். 1998 இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கின. 2006 இல் வந்த நோக்கியா 2014 இல் மூடப்பட்டது. ஒரகடத்தில் ரெனோ – நிஸ்ஸான் ஆலை 2010 இல் தொடங்கியது. ஏரியும் வயலுமாய் இருந்த ஊர்களில் தெற்கிலிருந்தும் வட ஆர்க்காட்டிலிருந்தும், பீகார், வங்கம், அஸ்ஸாமிலிருந்தும் மக்கள் வந்து நிறைந்தனர். இங்கே பொழுது கதிரவனைக் கொண்டு கணிக்கப்படுவதில்லை. ஷிஃப்டைக் கொண்டு கணிக்கப்படுகிறது. இரவுப்பணி முடித்த தந்தை உறங்கும்போது பிள்ளை பள்ளிக்கூட வேனில் ஏறுகிறது. பிள்ளை திரும்பும்போது தந்தை ஆலைப் பேருந்துக்குக் கிளம்புகிறார். மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடைப்பட்ட பொழுதே ஓதலுக்கு மிஞ்சுகிறது. டியூஷன் அதையும் கேட்கிறது.

நேரத்தைவிடக் கடினமானது மொழி. தமிழ் பேசும் பிள்ளையும், உருதோ வங்காளமோ பேசும் பிள்ளையும் ஒரே பாயில் அமரும் மக்தபில் பொருளை எம்மொழியில் சொல்வது? எழுத்துக் கூட்டி ஓதுவதோடு நிறுத்திக்கொள்வது ஆசிரியருக்கு எளிது; எல்லாருக்கும் பொதுவானது அரபு எழுத்து ஒன்றே. அந்த எளிமையே இழப்பு என நாம் கருதுகிறோம். தம்ஸீர் இல்லாமல் ஹீப்ருவை மட்டும் ஒப்பித்திருந்தால் கொச்சியின் ஓதும் அறை அத்தனை நூற்றாண்டுகள் உயிரோடு இருந்திராது. இராமாநுஜர் பிறந்த அதே ஸ்ரீபெரும்புதூரில் வைணவச் சிறார், ஆசிரியர் ஒருமுறை சொல்ல இருமுறை திருப்பிச் சொல்லும் 'சந்தை' முறையில் திவ்வியப் பிரபந்தம் கற்கின்றனர். அது அவர்தம் தாய்மொழியிலேயே அமைந்தது. அவர்களுக்கு அந்த நல்வாய்ப்பு உண்டு. யூதருக்கும் நமக்கும் வேதமொழி வேறு, வீட்டுமொழி வேறு. ஆகவே இரண்டுக்கும் நடுவே பாலம் கட்டும் ஆசிரியர் நமக்குக் கட்டாயம் வேண்டும். அவருடைய ஊதியத்தை மஹல்லாக்கள் இரங்கிக் கொடுக்கும் தொகையாகவே இன்னும் வைத்திருப்பது வெட்கத்துக்குரியது.

ஏட்டுச் சுவடிகள்

1948 அளவில் கேரள யூதர் இரண்டாயிரத்துக்குச் சற்று மிகுதியாக இருந்தனர். 1953 முதல் 1955 வரையிலான ஆண்டுகளில் மலபார் யூதரில் பெரும்பாலோர் ஒட்டுமொத்தமாக இஸ்ரேலுக்குப் புறப்பட்டனர். எவரும் அவர்களைத் துரத்தவில்லை. நெகேவ் பாலையின் நெவாத்தீம் போன்ற வேளாண் குடியிருப்புகளில் அமர்த்தப்பட்டனர். மாளாப் பள்ளி 1955 இல் ஊராட்சியிடம் ஒப்படைக்கப்பட்டது. சேந்தமங்கலம், பறவூர்ப் பள்ளிகள் கேரள அரசால் செப்பனிடப்பட்டு அருங்காட்சியகங்களாயின. மட்டாஞ்சேரிக் கடவும்பாகம் பள்ளியின் உள்மர வேலைப்பாடுகள் ஜெரூசலேம் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு உள்ளன. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியா முழுதிலுமாக யூதர் 4,650 பேர்.

சென்ற இடத்தில் ஹீப்ரு தெருவிலேயே கிடைத்தது. ஓதும் அறை தேவையற்றதாயிற்று. வேதமொழியைக் காக்க அத்தனை நூற்றாண்டு பாடுபட்டவர்களின் பேரப்பிள்ளைகள் அதையே பேசி வளர்ந்தனர். அவர்களிடமிருந்து நழுவியது மலையாளம். தம்ஸீர் ஓதத் தெரிந்த முதியோர் ஒவ்வொருவராக மறைந்தனர்.

பிற நாட்டு யூதர் தாம் பேசிய அரபியையும் பாரசீகத்தையும் ஹீப்ரு எழுத்தில் எழுதினர். நாமும் தமிழை அரபு எழுத்தில் எழுதினோம். கொச்சி யூதப் பெண்டிர் மட்டும் தம் பாடல்களை மலையாள எழுத்திலேயே குறிப்பேடுகளில் எழுதிவைத்து, தாயிடமிருந்து மகளுக்குக் கொடுத்து வந்தனர். திருமணத்திலும் பெருநாளிலும் பாடுவதற்குரிய பாடல்கள் அவை. மூஸா (அலை), யூசுஃப் (அலை) ஆகியோரின் வரலாறும் அவற்றில் வரும். மலையாள எழுத்தில் இருந்தமையால் பி. எம். ஜுஸ்ஸே, ஸ்கரியா ஸக்கரியா போன்ற யூதரல்லாத கேரள அறிஞரும் அவற்றைப் படிக்க முடிந்தது. நம் அரபுத்தமிழ் ஏடுகளின் நிலை வேறு. அரபு எழுத்தறிந்தோர் தமிழாய்வுக்குள் வருவது குறைவு. தமிழறிஞருக்கோ அவ்வெழுத்து மூடிய கதவு. கீழக்கரை செய்யிது ஆசியா உம்மா போன்ற பெண்பாற் புலவரின் பாடல்களைத் தமிழெழுத்துக்கு மாற்றி அச்சிட்டதனாலேயே இன்று பலரும் அறிகிறோம். இன்னும் மாற்றப்படாத ஏடுகள் வீட்டுப் பரண்களில் கிடக்கின்றன. அவற்றைப் படிக்க வல்ல மூதாட்டியர் சிலர் இன்னும் நம்மோடு உளர்.

நெவாத்தீமிலும் பிற குடியிருப்புகளிலும் முதிய பெண்களிடம் எஞ்சியிருந்த குறிப்பேடுகளை ஆய்வாளர் தேடித் திரட்டினர். பாட்டிமாரைப் பாடச் செய்து ஒலிப்பதிவு செய்தனர். 2004 இல் அது குறுந்தகடாக வந்தது. அடுத்த ஆண்டு ஸ்கரியா ஸக்கரியாவும் ஓஃபிரா கம்லியேலும் பாடல்களை மலையாளத்திலும் ஹீப்ரு மொழிபெயர்ப்பிலுமாக ஜெரூசலேமில் நூலாக்கினர். பேரப்பிள்ளைகளுக்காக ஹீப்ருவில் 'யெஃபேஃபியா' எனப் பெயர்க்க வேண்டியிருந்த அதன் மலையாளத் தலைப்பு, 'கார்குழலி'.